ஓடுபாதை ஒரு வினைத்தொகை

அன்புள்ள மாஸ்டர்,

வெள்ளிக்கிழமை பேராதனையில் எனக்கு இதயப் பரிசோதனை. மார்பில் வயர்களை ஒட்டி, ஓடுகிற பட்டி ஒன்றின் மேல் ஏற்றி, நடக்கச் சொன்னார்கள். மூன்றாவது நிமிடத்தில் வேகத்தைக் கூட்டினார்கள். காலுக்கடியிலிருந்து சூடான இறப்பர் மணம் எழுந்தது. அந்த மணத்தோடு நீங்களும் வந்துவிட்டீர்கள். காற்சட்டையைக் கணுக்காலுக்கு மேல் மடித்து, விரலில் ஒரு நூலைச் சுற்றிக்கொண்டு, "இப்பப் பாருங்க ஐசே" என்று சொன்னபடி. ஒன்பது நிமிடம் நடந்தேன். எதிர்ச் சுவரில் தொங்கிய நாட்காட்டிக்கு ஓர் அங்குலமும் நெருங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததிலிருந்து இந்த மடலைத் தொடங்குவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. உங்களுக்கு நான் எழுத வேண்டியது ஒன்று இருக்கிறது என்று முதல் நாளிலிருந்தே தெரியும். எப்படி எழுதுவது என்றுதான் தெரியவில்லை. முப்பத்தொரு வருடம் ஆய்வுகூடத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தனாக இருந்தவனுக்கு இலக்கம் போடாமல் எதுவும் எழுத வராது. "ஐசே கல்யாணக் காட் அடிச்சாலும் நோக்கம், உபகரணம், செய்முறைன்னுதான் அடிப்பாரு" என்று கேலி செய்வீர்கள். செய்யுங்கள். எழுதப்போவது இவ்வளவுதான்:

1. விமானக் கேள்வி நமக்குள் வந்த விதம்.
2. அதில் உங்கள் கட்சியும் என் கட்சியும். உங்கள் அக்கா அதற்குள் வந்தது.
3. ஹேவாஹெட்டவில் நாம் செய்த பரிசோதனை.
4. முழங்கால் வருத்தம் காரணமாக நான் உங்களோடு கோத்தகிரிக்கு வர முடியாமற் போனது.
5. அதற்குப் பின்.

கேள்வி உங்கள் கைப்பேசியில்தான் வந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில், ஒரு பிறந்தநாள் வாழ்த்துக்கும் ஒரு முருகன் படத்துக்கும் நடுவில் யாரோ போட்டிருந்தார்கள். நாம் கண்டி வாவியைச் சுற்றி முடித்து, வழமைபோல, நானா என்று நாம் கூப்பிடுபவரின் தேத்தண்ணீர்க் கடையில் உட்கார்ந்திருந்தோம். மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பின்னால், நான்கு மேசையும், மீன் வைத்த மாலுபான் அடுக்கிய ஒரு கண்ணாடி அலுமாரியும் உள்ள கடை. நீங்கள் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வகுப்பில் வாசிப்பதுபோல உரக்க வாசித்தீர்கள்.

ஓடுபாதை முழுவதும் ஒரு கன்வேயர் பெல்ட். விமானம் முன்னே ஓட ஓட, பெல்ட் அதே வேகத்தில் பின்னே ஓடும். விமானம் மேலே ஏறுமா, ஏறாதா?

"ஏறாது" என்றேன்.

என் வாழ்க்கையில் ஒரு கேள்விக்கு நான் இவ்வளவு விரைவாகப் பதில் சொன்னது அன்றுதான். கடையில் காய்கறி வாங்கும்போதுகூட இரண்டு தரம் யோசிப்பவன் நான். ஆனால் இது என் துறை என்று ஓர் எண்ணம் வந்துவிட்டது. பான் சுற்றி வந்த கடதாசியைத் திருப்பிப் படம் வரைந்தேன். விமானத்தைத் தூக்குவது இறக்கையைத் தடவிப் போகும் காற்று, காற்று தடவ வேண்டுமானால் விமானம் முன்னே போக வேண்டும், பெல்ட் அதைப் பின்னே கொண்டுபோனால் அது நின்ற இடத்திலேயே நிற்கும், காற்று இல்லை, ஆகவே ஏறாது. அம்புக்குறிகளெல்லாம் போட்டு உங்கள் பக்கம் தள்ளினேன்.

நீங்கள் படத்தைப் பார்க்கவில்லை.

"ஐசே, ஓடுபாதைங்கிறது என்ன தொகை?"

"என்னது?"

"இலக்கணத்துல கேக்கிறேன்."

"வினைத்தொகை."

"விரிச்சுச் சொல்லுங்க."

பயந்த மாணவன்போலச் சொன்னேன். "ஓடிய பாதை, ஓடுகின்ற பாதை, ஓடும் பாதை."

"அதுல ஓடுறது யாரு?"

"...பாதை."

"பாத்தீங்களா! தமிழன் பேர் வச்சப்பவே பாதை ஓடிக்கிட்டுத்தான் இருந்திருக்கு. மூணு காலத்துலயும் ஓடுது. அதுலதானே உலகத்துல உள்ள எல்லா பிளேனும் ஏறுது? கேள்வி முடிஞ்சுது. நானா, இன்னொரு பிளேன் போடுங்க!"

தேத்தண்ணீர்ப் பாத்திரத்தைத் தூக்கியபடி நானா திரும்பினார். "மாஸ்டர், இங்கன பிளேன் டீ ஒண்டு இப்பவே வருது. அந்தப் பிளேன் கெளம்பினா எனக்கும் செல்லுங்கோ."

அதன்பிறகு மூன்று மாதம் அந்தக் கடையில் வேறு பேச்சில்லை. நாம் உள்ளே நுழையும்போதே, "இண்டைக்கும் பிளேன் ஏறல்லயா?" என்று நானா கேட்பார். கட்டுகஸ்தோட்டை பஸ்ஸின் சாரதி உங்கள் பக்கம். லொத்தர்ச் சீட்டு விற்பவர் என் பக்கம். எனக்கு ஒரு கட்சி இருந்ததும் அதற்கு நான் தலைவனாக இருந்ததும் அந்த மூன்று மாதம்தான்.

நீங்கள் பகிடிக்கு மட்டும் வாதாடவில்லை என்பதை மெல்ல மெல்லத்தான் கண்டேன். ஒருநாள் பேராதனைப் பாலத்தில் நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு நீர்க்காகம் தண்ணீரில் படபடவென்று ஓடி மேலே எழுந்தது.

"பாருங்க ஐசே, அது ஓடுற தண்ணியில இருந்துதானே எழும்புது?"

"அது காலால தண்ணிய உதைக்குது, மாஸ்டர்."

"சரி. பிளேன் காலால எதை உதைக்குது?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வீட்டுக்கு வந்து யோசித்தேன். விமானத்தின் சில்லு எதையும் உதைப்பதில்லை. அது சும்மா உருள்வது. காரின் சில்லுதான் தரையை உதைக்கும். என் படத்தில் நான் வரைந்திருந்தது விமானம் அல்ல, இறக்கை வைத்த கார். அது எனக்கு அன்று மாலையே உறைத்தது. ஆனால் உங்களிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதற்கு உங்கள் அக்காவைப் பற்றி எழுத வேண்டும்.

பாலத்தில் நின்ற அதே வாரத்தில்தான் அக்காவைப் பற்றிச் சொன்னீர்கள். வாவிக் கரையில், இரண்டாவது சுற்றில்.

"எனக்கு அந்தக் கேள்வி சும்மா கேள்வி இல்ல ஐசே. நான் பிளேன்ல போகணும்."

உங்களுக்கு ஒரே ஓர் அக்கா. கலியாணம் முடித்த கையோடு, புருஷன் வீட்டாருக்கு இந்தியப் பிரஜாவுரிமை வந்து, அவர்களோடு கோத்தகிரிக்குப் புறப்பட்டவர். நீங்கள் அப்போதுதான் ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தீர்கள். உங்கள் பெயர் இலங்கைப் பிரஜாவுரிமைப் பட்டியலில் இருந்தது. ஹேவாஹெட்டவிலிருந்து லொறியில் வந்து, பேராதனைச் சந்தி ரயில் நிலையத்தில், கப்பலுக்குப் போகும் தலைமன்னார்க் கோச்சியில் ஏற்றிவிட்டீர்கள். மேடை முழுக்க ஒப்பாரி என்றீர்கள். கோச்சி நகர்ந்ததும் நீங்கள் ஜன்னலோடு கூடவே ஓடினீர்கள்.

நீங்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நான் ஓடுற வரைக்கும் அக்கா நின்ன எடத்துலதான் இருந்துச்சு ஐசே. என் மொகத்துக்கு நேரா. அது போகவே இல்ல. பிளாட்பாரம் முடிஞ்சப்பதான் போச்சு."

அதன்பிறகு ஐம்பது வருடத்துக்கு மேல். கடிதம், பிறகு தொலைபேசி, பிறகு கைப்பேசியில் முகம். இப்போது அவருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது, காது சரியாகக் கேட்பதில்லை. தொலைபேசியில் நீங்கள் ஒன்று கேட்டால் அவர் வேறொன்றுக்குப் பதில் சொல்கிறார். முகத்தைப் பார்த்துப் பேசினால்தான் இனிப் பேச்சு. திருச்சிவரை விமானத்தில் ஒரு மணி நேரம். அங்கே அக்காவின் மருமகன் வாகனத்தோடு நிற்பார். ஆனால் உங்கள் இதயத்தில் வைத்தியர்கள் ஏற்கெனவே ஒரு முறை வேலை பார்த்திருந்ததால், கூட இருக்கும் உங்கள் மகள் தனியாக விடமாட்டேன் என்றுவிட்டாள். அவளுக்கோ கைக்குழந்தை.

"கப்பல்ல போகலாமே" என்றேன்.

"அக்காவக் கொண்டுபோனதே அதுதானே. அதுல ஏற மாட்டேன். நீங்க வாங்க ஐசே. நீங்க வந்தா மகள் விட்டுருவா."

நான் நின்றுவிட்டேன். நீங்கள் நாலடி போய்த்தான் திரும்பிப் பார்த்தீர்கள். சிரித்துக்கொண்டே சொன்னேன்: "மொதல்ல பிளேன் ஏறுமான்னு முடிவாகட்டும் மாஸ்டர். ஏறும்னு காட்டுங்க, நான் வாரேன்."

தப்பித்துக்கொள்ளச் சொன்ன பகிடி. நீங்கள் அதை வாக்காக எடுத்துக்கொண்டீர்கள். கையை நீட்டினீர்கள். நானும் நீட்டினேன்.

ஹேவாஹெட்டத் தேயிலைத் தொழிற்சாலையில் உங்கள் பழைய மாணவர் சிவா, அதற்குப் பொறுப்பான டீமேக்கருக்கு அடுத்த இடத்தில் இருந்தார். அரைத்த கொழுந்தை அடுத்த அறைக்குக் கொண்டுபோகும் இருபதடி பெல்ட் அங்கே இருந்தது. வேலை முடிந்து பெல்ட்டைக் கழுவுவதற்கு முன் ஐந்து நிமிடம் தருவதாகச் சொல்லியிருந்தார். பஸ் நிலையத்தடியில் வாங்கிய நீல நிற பிளாஸ்டிக் விமானத்தை ஒரு பையில் போட்டுக்கொண்டு நாம் மலையேறினோம். எழுபதைத் தாண்டிய இரண்டு பேர். நான் குறிப்பேடு, அடிமட்டம், நிறுத்தற்கடிகாரம் எல்லாம் கொண்டுவந்திருந்தேன். நீங்கள் ஒரு நூற்கட்டை மட்டும்.

பெல்ட்டைக் கழுவ வந்திருந்த பெண்கள் வாளிகளை வைத்துவிட்டுச் சுவரோரமாக நின்றார்கள்.

"என்னாங்க சார், தாத்தாமாரு வெளையாட வந்திருக்காங்களா?" என்று ஒருத்தி சிவாவிடம் கேட்டாள்.

"ஆராய்ச்சி லெட்சுமி, ஆராய்ச்சி. சும்மா இரு."

முதலில் விமானத்தை ஓடுகிற பெல்ட்டில் சும்மா வைத்தோம். அது பெல்ட்டோடு பின்னுக்குப் போய், மறுமுனையில் விழப்பார்த்தது. லெட்சுமி பாய்ந்து பிடித்தாள். "ஐயா, ஒங்க பிளேனு ரிவேஸ்ல போகுதுங்க!" எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உள்ளூர ஓர் ஆறுதல். குறிப்பேட்டில் எழுதினேன்: அவதானம் ஒன்று, பின்னோக்கிய அசைவு.

நீங்கள் அதன் மூக்கில் நூலைக் கட்டினீர்கள். பெல்ட்டுக்கு முன்னால் தரையில் நின்று நூலைப் பிடித்தீர்கள். பெல்ட் ஓடியது. சில்லுகள் மூன்றும் கிறுகிறுவென்று சுற்றின. விமானம் அப்படியே நின்றது. மெல்ல இழுத்தீர்கள். முன்னே வந்தது.

"வேகத்தக் கூட்டு சிவா."

அந்த பெல்ட்டுக்கு இரண்டு வேகம். கூட்டினார். சில்லுகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றின. சூடான இறப்பர் மணம் வந்தது. நீங்கள் இழுத்தீர்கள். முதலில் வந்ததுபோலவே வந்தது.

"இப்பப் பாருங்க ஐசே" என்று நூலை என் விரலில் சுற்றிவிட்டீர்கள்.

இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. பெல்ட்டின் வேகம் இரண்டு மடங்காகியும் என் விரலில் இருந்த இழுப்பு மாறவில்லை. ஒரு நூல் அளவும் கூடவில்லை. முப்பத்தொரு வருடம் இழுவைகளை அளந்த விரல் இது, அதற்குத் தெரியும். விமானம் ஏறும். பெல்ட் எவ்வளவு வேகமாக ஓடினாலும் ஏறும்.

எனக்கு விளங்கியதை லெட்சுமி வாயால் சொன்னாள். "பெல்ட்டு எம்புட்டு வேகமாப் போனா என்னாங்க? இழுக்குற கையி பெல்ட்டு மேலயா நிக்குது? தரையிலயில்ல நிக்குது."

ஆய்வுகூடத்தில் எத்தனையோ கெட்டிக்காரர்கள் எத்தனையோ விளக்கியதைக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக எவரும் சொன்னதில்லை. விமானத்தின் கை காற்றில் இருக்கிறது. இயந்திரம் காற்றைப் பிடித்துத் தள்ளுகிறது. காற்று பெல்ட்டின் மேல் இல்லை.

நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். பள்ளிக்கூடத்தில் முதற்பரிசு வாங்கிய பிள்ளைபோல இருந்தது உங்கள் முகம்.

"நூல் இருக்கே மாஸ்டர்" என்றேன். "உண்மையான பிளேனுக்கு நூல் ஏது?"

"காத்துதான் ஐசே நூலு!"

"அப்படிச் சொல்ல முடியாது. அளவும் சரியில்ல. இன்னொருக்கா, வேற இடத்துல செய்து பார்க்கணும்."

லெட்சுமி வாளியைத் தூக்கிக்கொண்டாள். "இந்த ஐயாவுக்கு நம்ப மனசில்லங்க" என்று போகிற போக்கில் சொன்னாள்.

நீங்கள் விமானத்தைப் பையில் வைத்தீர்கள். அந்த நூலைக்கூட அறுக்காமல் பொறுமையாகச் சுற்றினீர்கள்.

கண்டிக்குத் திரும்பும் பஸ் தலாத்துஓயாவைத் தாண்டியது. நீங்கள் என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டீர்கள்.

"ஐசே, உண்மையச் சொல்லுங்க. வர்றதுக்கு வேற ஏதும் தடையா?"

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். மழை தூறத் தொடங்கியிருந்தது. "முழங்கால்ல ஒரு வருத்தம், மாஸ்டர்" என்றேன். "இருந்து எழும்பினா பிடிக்குது. பிளேன்ல அவ்வளவு நேரம் மடக்கி இருக்க ஏலாது."

"அடடா! இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? என்னமோ ஏதோன்னு நெனச்சிட்டேன்!"

உங்கள் முகம் தெளிந்துவிட்டது. எனக்கு வர மனமில்லாமல் இல்லை, கால்தான் வருத்தம் என்றதும் உங்களுக்கு அவ்வளவு ஆறுதல். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது என் பையை நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள். நான் காலை இழுத்து நடந்தேன்.

மறுநாளிலிருந்து நீங்கள் மெதுவாக நடந்தீர்கள். வாவியை முக்கால் மணி நேரத்தில் சுற்றி வருபவர், எனக்காக ஒன்றரை மணி நேரம் எடுத்தீர்கள். பாதி வழியில் வாங்குப் பலகையில் உட்காரச் சொன்னீர்கள். நானாவின் கடையில், "நானா, ஐசேக்குக் கால் ஏலாது, அந்த ஒயரமான கதிரையை இங்க போடுங்க" என்றீர்கள். அன்றிலிருந்து அது என் கதிரை ஆயிற்று. விமானப் பேச்சை நீங்கள் எடுக்கவில்லை. நானா கேட்டாலும், "ரன்வேயில ரிப்பேர் வேலை நடக்குது" என்று முடித்துவிடுவீர்கள். வேறு யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள் என்று ஒருமுறை சொன்னேன். "அக்காகிட்ட ஒங்க பேரச் சொல்லியாச்சு. கால் ஆறட்டும்" என்றீர்கள்.

ஒருநாள் எந்தக் கால் என்பதை மறந்துபோனேன்.

நீங்கள் குனிந்து பார்த்தீர்கள். "நேத்து வலது, இன்னைக்கி எடதா ஐசே?" கேட்டுவிட்டுச் சிரித்தீர்கள். "சரி, எண்ணெய ரெண்டுலயும் தடவுங்க." அவ்வளவுதான். பிறகும் மெதுவாகத்தான் நடந்தீர்கள். உங்களுக்குத் தெரிந்துவிட்டதா, தெரிந்தும் காத்திருந்தீர்களா என்று எனக்குத் தெரியாது. உங்களிடம் கேட்க இனி வழியும் இல்லை.

நான்கு மாதம் காத்திருந்தீர்கள். ஒரு செவ்வாய்க்கிழமைக் காலை வாவிக் கரையில் நான் நின்றுகொண்டிருந்தேன், நீங்கள் வரவில்லை. நானாதான் தேடிக்கொண்டு வந்தார். கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு, தோளில் போட்ட துணியோடு. சப்பாத்துக் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை என்று உங்கள் மகள் பிறகு சொன்னாள். என்னோடு நடப்பதற்காகக் கட்டிய சப்பாத்து.

அன்று வீட்டில், உங்கள் மகள் கைப்பேசியை உங்கள் முகத்துக்கு மேலே பிடித்திருந்தாள். கோத்தகிரியிலிருந்து அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, தம்பி" என்று அந்தச் சின்னப் பெட்டிக்குள் இருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பிறகு கைப்பேசி என் கைக்கு வந்தது. வெள்ளை முடி, உங்களுடைய மூக்கு.

"நீங்கதான் ஐசே தம்பியா?"

நீங்கள் கூப்பிட்ட அந்த ஆங்கில 'ஐ ஸே'தான் என் பெயர் என்று அவர் நினைத்திருந்தார். நான் தலையாட்டினேன்.

அடுத்து அவர் கேட்டது இதைத்தான், மாஸ்டர். தன் ஒரே தம்பி அங்கே கிடக்கும்போது. "ஒங்க காலு இப்ப எப்பிடிப்பா இருக்கு?"

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பேசுகிறார். உங்களுக்குப் பேசிய நேரத்தில் எனக்குப் பேசுகிறார். நொச்சி இலை வதக்கிக் கட்டச் சொல்வார். மாடிப்படி ஏறாதே என்பார். நான் ஆம் ஆம் என்பேன். அவருக்குக் காது கேட்காததால் நான் அதிகம் பொய் சொல்லத் தேவையிருக்கவில்லை. தலையாட்டினால் போதும்.

இதுவரை எழுதியது நேற்று. இதை இன்று ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை பரிசோதனைக்கு முன், அங்கிருந்த பிள்ளை ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு கேட்டாள்: "ஐயாவுக்கு மூட்டு வலி, முழங்கால் வலி ஏதும் இருக்கா?" நான் யோசிக்காமல், "இல்லை" என்றேன். அவள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். நான் அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டேன். பட்டியில் நடந்த ஒன்பது நிமிடமும் அதுதான்.

ஆகவே இன்று காலை அக்கா பேசியபோது முடிவோடு இருந்தேன். அவர் நலம் விசாரித்து முடித்துவிட்டு, யாரோ கொழும்புக்கு வருகிறார்கள், அவர்களிடம் மூலிகை எண்ணெய் கொடுத்துவிடுகிறேன் என்றார். அந்த எண்ணெயை என்னால் வாங்க முடியாது, மாஸ்டர்.

"அக்கா" என்று கத்தினேன். அடுத்த வீட்டு நாய் குரைத்தது. "என் முழங்கால்ல ஒண்ணும் இல்ல அக்கா!"

"என்னாது?"

"முழங்கால்ல ஒண்ணுமே இல்ல! வருத்தம் இல்ல!"

அக்காவின் முகம் மலர்ந்தது. "கொணமாயிருச்சா! அடி ராசாத்தி, ஐசே தம்பிக்குக் காலு கொணமாயிருச்சாம்டி!" என்று பின்னால் யாருக்கோ சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். "அப்பறம் என்னா? பொறப்பட்டு வாங்க."

இன்னொரு முறை கத்திச் சரிசெய்யலாம், எதைக் கத்துவது? அவர் கைப்பேசியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து என் முகத்தையே பார்த்தார். உங்கள் வழக்கம் அது. எதிரில் இருப்பவன் வாய் திறக்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பது.

"என்னா தம்பி, பேச்சக் காணோம்? பிளேன்ல வர பயமா?"

நான் ஒன்றும் கத்தவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். எட்டு மாதமாக அவருக்கு ஆட்டிய தலைதான். ஆனால் இன்று அது உண்மைக்கு ஆடியது.

அக்கா சிரித்தார். பல்லில்லாத சிரிப்பு. "பயந்தா என்னா? பயந்துகிட்டே வாங்க. நான் மட்டும் என்னா, அன்னைக்குக் கப்பல்ல சந்தோசமாவா ஏறுனேன்? பயந்துகிட்டேதான் ஏறுனேன். அது பாட்டுக்குக் கொண்டாந்து விட்டுருச்சு."

அன்று பஸ்ஸில் நீங்கள் கேட்டபோது உண்மையைச் சொல்லியிருந்தால், நீங்களும் இதையேதான் சொல்லியிருப்பீர்கள். ஏறக்குறைய இதே குரலில். பிறகு ஒரு வாரம் நானாவோடு சேர்ந்து என்னைக் கேலி செய்திருப்பீர்கள். பிறகு நாம் போயிருப்போம். நீங்கள் ஜன்னலோரம், நான் கண்ணை மூடிக்கொண்டு, உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு. அந்த ஒரு மணி நேரம் எனக்குக் கிடைக்காமற் போனது பெரிதில்லை. அக்காவின் முகத்துக்கு நேராக நீங்கள் நிற்காமற் போனதுதான். அதை இனி நான் எங்கே போனாலும் கூடவே கொண்டுதான் போக வேண்டும்.

போவேனா என்று கேட்காதீர்கள். கடவுச்சீட்டு விண்ணப்பம் என் மேசையில் இருக்கிறது. பெயரும் பிறந்த இடமும் எழுதியிருக்கிறேன். மற்றக் கட்டங்கள் வெறுமையாக இருக்கின்றன.

ஆய்வுகூடத்தில் நாங்கள் பிழையை அழிப்பதில்லை, மாஸ்டர். தாளைக் கிழிப்பதும் இல்லை. பிழையின் மேல் ஒரு கோடு போடுவோம், என்ன எழுதியிருந்தது என்று மற்றவர்கள் வாசிக்கும்படியாக. சரியானதைக் கீழே எழுதுவோம். இந்த மடலின் தொடக்கத்தில் நான்காவதாக நான் எழுதியிருப்பது பிழை. அதற்கு ஒரு கோடு போட்டுவிட்டேன். சரியானது இது:

4. விமானம் ஏறும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. என் முழங்கால்கள் இரண்டும் நன்றாக இருந்தன. எனக்குப் பயமாக இருந்தது.